தாயம் விழும்வரை

ஃப்ளோரிடாவில் இருக்கும் நண்பர் தன் ஏழு வயது மகனுக்குத் தனியார் சைக்காலஜிஸ்ட்டிடம் ஐக்யூ டெஸ்ட் எடுத்தார். ஏன் என்று கேட்டேன். "ஸ்கூல்ல வைக்கிற வரைக்கும் காத்திருக்கணுமா? ரத்தப் பரிசோதனையை வெளிய லேப்ல எடுக்கறதில்லையா, அந்த மாதிரிதான்" என்றார். அறிவுத்திறன் மிகுந்த பிள்ளைகளுக்கான கிஃப்டட் வகுப்பை எட்டிப் பார்க்கும் நம்மவர் வீடுகளில் இந்த வாதம் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. கேட்கும்போது நியாயமாகத்தான் படுகிறது. எனக்கு அது முழுத் தவறாகத் தெரிகிறது.

தனிச் சோதனையால் பலனே இல்லை என்று நான் சொல்லவில்லை. எழுத்துக்கூட்டிப் படிக்கத் திணறும் பிள்ளை கணக்கில் வகுப்பைவிட இரண்டு ஆண்டு முன்னே இருக்கலாம். எல்லோரோடும் உட்கார்ந்து எழுதும் தேர்வில் அது வெளியே வராது. ஒருவர் எதிரே உட்கார்ந்து பொறுமையாகக் கவனித்தால் வரும். அப்படிப்பட்ட பிள்ளையின் பெற்றோர் தனிச் சோதனைக்குப் போகத்தான் வேண்டும்.

மற்றவர்களின் கதை வேறு. ஃப்ளோரிடா விதிப்படி, கிஃப்டட் என்று சொல்ல ஐக்யூ சராசரியிலிருந்து இரண்டு திட்டவிலக்கம் மேலே இருக்க வேண்டும். சராசரி 100, திட்டவிலக்கம் 15. ஆக, கட்-ஆஃப் 130. நண்பரின் மகனுக்கு முதல் தடவை வந்தது 127. அதே டெஸ்ட்டை உடனே திரும்ப வைத்தால் பழக்கத்தாலேயே மதிப்பெண் ஏறும் என்பதால், சில மாதம் கழித்து வேறொருவரிடம் வேறொரு டெஸ்ட். 131 வந்தது. வீட்டில் கேசரி கிண்டினார்கள்.

127 வந்தபோது சந்தேகப்பட்டவர்கள் 131 வந்தபோது சந்தேகப்படவில்லை. பல வருடமாக என்னை உறுத்துவது இதுதான். எந்த ஐக்யூ டெஸ்ட்டிலும் அளவைப் பிழை உண்டு. நல்ல டெஸ்ட்டிலேயே மூன்று புள்ளி முன்னே பின்னே இருக்கும். உண்மையான திறன் 127 உள்ள நூறு பிள்ளைகளை ஒருமுறை சோதித்தால், பிழையின் தயவில் சுமார் 16 பேர் 130-ஐத் தொடுவார்கள். தவறியவர்களுக்கு இன்னொரு வாய்ப்புக் கொடுத்தால் 29 பேர். மூன்றாவதும் கொடுத்தால் நாற்பதைத் தாண்டும். ஒரு பிள்ளையின் அறிவும் இதற்கிடையில் கூடவில்லை.

இதே கணக்கை மறுபக்கமிருந்து பாருங்கள். உண்மையான திறன் 133 உள்ள நூறு பேரில் அதே 16 பேர், ஒரே தடவை சோதித்தால் 130-க்குக் கீழே விழுவார்கள். அவர்களில் இன்னொரு டெஸ்ட்டுக்குப் பல நூறு டாலர் செலவழிக்க முடியாத வீட்டுப் பிள்ளை அங்கேயே நின்றுவிடும். கட்-ஆஃபை எங்கே வைத்தாலும் இதுதான் நடக்கும். எல்லோருக்கும் பொதுவாக இருந்த பிழை, காசு உள்ளவர் பக்கம் மட்டும் சாய்ந்துகொள்கிறது. ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை கூடுதலாக வந்தால், உண்மை தெரிய வேண்டும் என்றுதான் மறுபடி எடுக்கிறோம். இங்கே உண்மை யாருக்கு வேண்டும்? தாயம் விழும்வரை உருட்டிக்கொண்டே இருக்கலாம் என்று ஒரு வீட்டுக்கு மட்டும் அனுமதி கொடுத்துவிட்டு, அதை ஆட்டம் என்று எப்படிச் சொல்வது?

அதே ஃப்ளோரிடாவின் ப்ரோவர்ட் மாவட்டத்தில் ஆசிரியரோ பெற்றோரோ பரிந்துரைத்தால்தான் சோதனை என்று இருந்தது. 2005-இல் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் பள்ளியிலேயே முதற்கட்டத் தேர்வு வைத்தார்கள். பொருளியலாளர்கள் டேவிட் கார்டும் லாரா ஜூலியானோவும் இதை ஆராய்ந்தார்கள். வசதி குறைந்த பிள்ளைகளுக்கு முன்பிருந்தே இருந்த 116 என்ற தனி எல்லையை யாரும் மாற்றவில்லை. ஆனாலும் அவர்களில் கிஃப்டட் என்று அடையாளம் காணப்பட்டவர்களின் விகிதம் 180 சதவீதம் உயர்ந்தது. அத்தனை நாளும் அந்தப் பிள்ளைகள் அங்கேதான் உட்கார்ந்திருந்தார்கள், பார்க்கத்தான் ஆளில்லை. பிறகு நிதி இல்லை என்று திட்டத்தை நிறுத்தினார்கள், ஏறியதெல்லாம் இறங்கிவிட்டது. இதைப் படித்த பிறகு தனியார் அறிக்கையை 'பெற்றோரின் அக்கறை' என்று யாராவது சொன்னால் எனக்குப் பொறுக்கவில்லை.

இரண்டு டெஸ்ட்டுக்கும் நடுவில் நண்பர் வீட்டுக்குப் போயிருந்தேன். சாப்பாட்டு மேசையில் சிவப்பும் வெள்ளையுமாகச் சின்னச் சின்னக் கட்டைகள். படத்தில் உள்ள வடிவத்தைப் பையன் அடுக்க வேண்டும். அம்மா கைபேசியில் நேரம் பார்க்கிறார். கடைசிக் கட்டையைத் திருப்பித் திருப்பி வைத்துக்கொண்டே அவன் என்னிடம் கேட்டான்: "மாமா, போன தடவை எதைத் தப்பா செஞ்சேன்னு அந்த ஆன்ட்டி சொல்லவே இல்ல." அவன் எதையும் தப்பாகச் செய்யவில்லை. 127 வாங்கும் பிள்ளை நூறு பேரில் முதல் நாலு பேருக்குள் வரும். அதை அவனிடம் யாரும் சொல்லியிருக்கவில்லை.

தனியார் அறிக்கையை ஏற்கும் பள்ளி நிர்வாகம் ஒரு விதி போடலாம்: பிள்ளைக்கு இதுவரை எடுத்த எல்லாச் சோதனைகளையும் மதிப்பெண்ணோடு பெற்றோர் கையெழுத்திட்டுத் தர வேண்டும், சராசரிதான் செல்லும். நண்பரிடம் இதைச் சொன்னேன். "அப்படின்னா 129 ஆயிடும்" என்று உடனே கணக்குப் போட்டார். முதல் அறிக்கை எங்கே என்று கேட்டேன்.

அன்றைக்கே கிழித்துப் போட்டுவிட்டாராம்.