காலந்தாழ்ந்த கண்ணீர்: ‘லா திராவியாத்தா’வும் அதன் பார்வையாளரும்

மாநகர அரங்குகளில் நிகழும் பெருந்துன்பியல் ஒப்பெராக்களைப் பற்றிய பேச்சு, பெரும்பாலும் பாடகரின் குரல்வளத்தோடு முடிந்துவிடுகின்றது. அரங்கில் அமர்ந்து அழும் நாம் எதற்காக அழுகின்றோம் என்னும் வினா அரிதாகவே எழுப்பப்படுகின்றது. ஜுசெப்பே வேர்டியின் ‘லா திராவியாத்தா’வை, அது முதன்முதலில் மேடையேறிய வெனிஸ் நகரத்து லா பெனிச்சே அரங்கோடு இணைத்து நோக்கும்போது இவ்வினா தவிர்க்கமுடியாததாகின்றது.

இளைய அலெக்சாந்தர் டூமாவின் நாடகத்தைத் தழுவிப் பியாவே எழுதிய இவ்வொப்பெரா 1853 மார்ச் 6ஆந் திகதி அரங்கேறியது. சமகாலப் பாரிஸ் வாழ்வைச் சமகால உடையிலேயே காட்ட வேர்டி விரும்பினார். ஆனால், கதை நிகழ்காலம் ஏறத்தாழ 1700ஆம் ஆண்டுக்குப் பின்தள்ளப்பட்டது. அன்று வெனிஸ் ஒஸ்திரிய ஆட்சியின் கீழ் இருந்தது. அரங்கின் தனிமாடங்கள் செல்வக் குடும்பங்களின் உடைமையாக இருந்தன. அம்மாடங்களில் இருந்தோர் மேடையில் தம்மையே காணும் சங்கடம் இவ்வாறு தவிர்க்கப்பட்டது எனலாம்.

அச்சங்கடம் யாது? கிரேக்க அவலத்தில் விதி இயங்குகின்றது; இங்கோ வரவுசெலவு இயங்குகின்றது. வியோலெத்தாவின் உடலை அழிப்பது காசநோய். ஆனால் அவளது வாழ்வைப் பறிப்பது ஒரு நற்குடும்பத்தின் கௌரவம். காதலன் அல்பிரேதோவின் தந்தையான ஜெர்மோன், தன் மகளின் திருமணம் தடைப்படாதிருக்க அவள் விலகவேண்டும் எனக் கேட்கின்றார். அக்காதலரின் கிராம வாழ்வுக்கான செலவோ, அவள் தன் குதிரைகளையும் வண்டிகளையும் விற்பதனாலேயே ஈடுசெய்யப்படுகின்றது. அதனை அறிந்த அல்பிரேதோ, பின்னர் சூதில் வென்ற பணத்தைப் பலர் முன்னிலையில் அவள் காலடியில் வீசுகின்றான். இறுதியில் அவளிடம் எஞ்சுவது இருபது பொற்காசுகள்; அவற்றுள் பத்தினை அவள் ஏழைகளுக்குக் கொடுத்தனுப்புகின்றாள்.

எனினும், இதனைச் சமூக ஆவணமாக மட்டும் கொள்வது இசைக்குச் செய்யும் அநீதியாகும். ஜெர்மோனின் வேண்டுகோள் இனிய இசையில் வருகின்றது. அவ்வினிமையில் திளைக்கும் நாம், அவரது நியாயத்துக்கும் அறியாமலே தலையசைத்துவிடுகின்றோம். வேர்டியின் நுட்பம் இங்கேயே உள்ளது. கொடுமை இனிமையாகப் பேசும் என்பதை அவர் அறிந்திருந்தார். முதலங்க விருந்துக்கு முன்னரே, இறுதி அங்கத்தின் மரணப்படுக்கை இசையை அவர் ஒலிக்கச் செய்துவிடுகின்றார். ஜெர்மோனின் கழிவிரக்கம் கடிதமாக வந்துசேரும்போதோ வியோலெத்தா அதனைப் பாடுவதில்லை. வெறும் பேச்சாகவே வாசிக்கின்றாள். வாத்தியங்கள் மட்டும் பழைய காதல் மெட்டை மெல்ல நினைவூட்டுகின்றன. பிந்தி வந்த நியாயத்துக்குப் பாட்டு இல்லை.

1996இல் தீக்கிரையான லா பெனிச்சே 2003இல் மீளத் திறக்கப்பட்டது. 2004 நவம்பரில் அங்கு மேடையேறிய முதல் ஒப்பெராவும் இதுவே. றொபேட் கார்சனின் அந்நெறியாள்கையில் பாத்திரங்கள் நம் கால உடையணிந்தனர். கிராமக் காட்சியில் மரத்திலைகளுக்குப் பதிலாகப் பணத்தாள்கள் உதிர்ந்தன. 1853இல் மறுக்கப்பட்டது இவ்வாறு கிட்டியது.

ஆயினும் உடை மாறியதனால் மட்டும் பார்வையாளர் மாறிவிடுவதில்லை. அவலம் நிகழ்வது இரண்டாம் அங்கத்தில். நாம் அழுவதோ மூன்றாம் அங்கத்தில். அவள் இழக்கும்போது இசையைச் சுவைத்திருந்துவிட்டு, இறக்கும்போது கண்ணீர் சொரிகின்றோம். மரணப்படுக்கையருகே வந்து நிற்கும் ஜெர்மோனும் அதையே செய்கின்றார். கதையின் காலத்தை மாற்றியவர்கள் இப்படைப்பின் கூர்மையை அறிந்து அஞ்சினர். அழுதெழுந்து வீடு திரும்பும் நாமோ அதனை அறியாமலே மழுங்கச் செய்கின்றோம். ஜெர்மோனின் இன்குரலைக் கேட்கும் அக்கணத்திலேயே நெஞ்சு துணுக்குறும் பார்வையாளரை உருவாக்குவதே விமர்சனத்தின் பணியாகும்.