கல்லும் கருத்தும்

தகடூரே இன்றைய தருமபுரி. அதியமான் ஔவைக்கு நெல்லிக்கனி ஈந்த கதையை இம்மாவட்டத்து மாணவர் அனைவரும் அறிவர். அதில் செய்தி எது, கருத்து எது எனப் பிரித்தறிய அவர்களைப் பழக்கினோமா?

புறநானூற்றின் 91ஆம் பாடலையே எடுத்துக்கொள்வோம். அதியமான் கனி ஈந்தான் என்பது ஔவை தரும் செய்தி. சான்று தேடிச் சரிபார்க்கத்தக்கது. அவன் சிறந்தவன் என்பது ஔவையின் கருத்து. காரணம் காட்டி ஏற்கலாம், மறுக்கலாம். அக்கனி சாவை நீக்கும் என்பதோ வெறும் நம்பிக்கை. உண்ட ஔவை இன்று இல்லை என்பதே அதற்கு விடை!

சான்று எங்கே? திருக்கோவிலூர் வட்டாரத்து ஜம்பையில் 1981இல் கண்டறியப்பட்ட தமிழிக் கல்வெட்டு, அதியன் நெடுமான் அஞ்சி அளித்த குகைத்தளத்தைக் குறிக்கிறது. கனிக்கு அது சான்றாகாது. அப்பெயருடைய மன்னன் வாழ்ந்தான் என்பதற்குச் சான்று. அவ்வளவே!

அக்கல்லில் மன்னன் பெயருண்டு, குடிப்பெயருண்டு, சாதிப்பெயர் இல்லை. ஆயினும், பழம்பெரும் மன்னரையெல்லாம் தம் சாதியார் என்று மார்தட்டுவோர் உளர். கருத்து, செய்தியின் உடை அணிந்து உலவுகிறது! 'பிறப்பால் உயர்ந்தோம்' என்பதும் அத்தகைய கருத்தே. அதைச் செய்தியென நம்பிய வெறிதான், 2012 நவம்பர் 7 அன்று இதே மாவட்டத்து நத்தம் காலனியில் தீயாக எழுந்தது. உயர்வு என்பது கருத்து. எரிந்த வீடுகளோ செய்தி.

ஆசிரியத் தோழர்களே! 'கனி ஈந்தவர் யார்?' என்ற வினாவோடு பாடத்தை முடிப்பது கல்வியாகாது. 'அது எப்படித் தெரியும்?' என்று மாணவர் நம்மையே திருப்பிக் கேட்கட்டும். அன்றுதான் பாடம் தொடங்கும்.