சேப்பாக்கம் மைதானம்: மண், காற்று, நிழல்

கோடையில் ஏரிகள் வற்றியதும் செங்கற்பட்டு மாவட்டத்துச் சிற்றூர்களில் கிரிக்கெட் தொடங்கிவிடும். அச்சரப்பாக்கம் வட்டாரத்துச் சிறுவர்களும் இதற்கு விலக்கல்லர். காய்ந்து வெடிப்பு விழுந்த ஏரிக் களிமண்ணில் மூன்று குச்சிகளை நட்டுவிட்டால் அதுவே ஆடுகளம். அங்கே பந்து ஒரு சமயம் தரையோடு தரையாக ஊர்ந்து போகும். மறு சமயம் முகத்தை நோக்கி எகிறும். “பந்துக்குப் பேய் பிடித்துவிட்டது” என்று பையன்கள் சிரிப்பார்கள். உண்மையில் இது மண்ணும் நீரும் வெயிலும் சேர்ந்து செய்யும் வேலை. இங்கிருந்து ஏறத்தாழ 95 கிலோமீட்டர் வடக்கே, சென்னை சேப்பாக்கத்தில் உலகப் புகழ்பெற்ற வீரர்கள் ஆடும் களத்திலும் நடப்பது இதே வேலைதான்.

சேப்பாக்கம் மைதானத்தைப் பற்றி எழுதப்படுபவற்றுள் பெரும்பாலானவை சாதனைப் பட்டியல்களாகவே உள்ளன. யார் எத்தனை ஓட்டம் எடுத்தார், யார் எத்தனை விக்கெட் வீழ்த்தினார் என்பதோடு அவை நின்றுவிடுகின்றன. வசதிகளைப் பற்றிக் கூறும்போதும் ‘இத்தனை ஆயிரம் இருக்கைகள்’ என்பதற்கு அப்பால் போவதில்லை. ஒரு மைதானம் நல்ல மைதானமா என்பதை எப்படி அறிவது? ஆடுபவர், பார்ப்பவர் ஆகிய இருவரின் நிலையிலிருந்தும், அறிவியல் கண்கொண்டு, அதை இங்கே மதிப்பிட்டுப் பார்ப்போம்.

அரண்மனைத் தோட்டத்திலிருந்து

முதலில் வரலாற்றைச் சுருக்கமாகக் காண்போம். ஆர்க்காட்டு நவாபின் சேப்பாக்கம் அரண்மனையை ஒட்டிய திறந்தவெளியே பின்னர் விளையாட்டுத் திடலாயிற்று. 1846-இல் தோன்றிய மதராஸ் கிரிக்கெட் கிளப், 1860-களின் நடுவில் இங்கே இடம் பெற்றுக் குடியேறியது. அன்று அது ஆங்கிலேயர்களின் கிளப்.

1934 பிப்ரவரியில் இங்கு முதல் டெஸ்ட் ஆட்டம் நடைபெற்றது. ஜார்டின் தலைமையில் வந்த இங்கிலாந்து அணி வென்றது. அதே ஆண்டு நவம்பரில் ரஞ்சிக் கோப்பையின் முதல் ஆட்டமும் இங்கேயே நடந்தது. சென்னையும் மைசூரும் மோதிய அந்த ஆட்டம் ஒரே நாளில் முடிந்துவிட்டது! 1952 பிப்ரவரியில் இந்தியா தன் முதல் டெஸ்ட் வெற்றியை இந்த மண்ணில்தான் பெற்றது. வினூ மன்கட் இரு இன்னிங்சிலுமாக 12 விக்கெட்டுகளை வீழ்த்தினார். 1950-களின் நடுவிலிருந்து சுமார் பத்தாண்டுக் காலம் டெஸ்ட் ஆட்டங்கள் சென்னை மாநகராட்சி ஸ்டேடியத்துக்கு இடம் மாறின. 1967 ஜனவரியில் அவை மீண்டும் சேப்பாக்கத்துக்குத் திரும்பின. இந்தியக் கிரிக்கெட் வாரியத் தலைவராக இருந்த எம்.ஏ. சிதம்பரத்தின் பெயர் பின்னர் இம்மைதானத்துக்குச் சூட்டப்பட்டது.

களிமண்ணின் குணம்

ஆடுகளத்தின் நீளம் 20.12 மீட்டர்; அகலம் 3.05 மீட்டர். இந்தச் சிறு நிலப்பரப்புதான் ஆட்டத்தின் போக்கை முடிவு செய்கிறது. சேப்பாக்கத்தில் செம்மண் ஆடுகளங்களும் உண்டு. கரிய களிமண் ஆடுகளங்களும் உண்டு. 2024 செப்டம்பரில் வங்கதேசத்துடன் நடந்த டெஸ்ட் ஆட்டத்துக்குச் செம்மண் களமே பயன்படுத்தப்பட்டது.

இரண்டுக்கும் என்ன வேற்றுமை? களிமண் என்பது மிக நுண்ணிய தகடுகளின் அடுக்கு. கரிசல் மண்ணில் மிகுந்துள்ள மான்ட்மோரில்லோனைட் என்னும் கனிமத்தின் தகடுகள் ஒன்றையொன்று இறுகப் பற்றுவதில்லை. ஆகவே நீர் இடையே புகுந்து மண்ணை உப்பச் செய்கிறது. நீர் வெளியேறும்போது மண் சுருங்கி வெடிக்கிறது. செம்மண்ணில் மிகுதியாக உள்ள கயோலினைட்டின் தகடுகளோ நெருக்கமாகப் பிணைந்தவை. நீர் எளிதில் இடையே புகாது. உப்புதலும் சுருங்குதலும் குறைவு. எனவே நன்கு உருளையிட்டு இறுக்கிய செம்மண்ணில் பந்து உயர்ந்து எழும்பும். களம் காயக் காய மேற்பரப்பு பொடிந்து சுழற்பந்துக்கு இடம் தரும். கரிய மண் தன்னைத் தானே பற்றிக்கொண்டிருக்கும். அதில் பந்து தாழ்ந்தும் மெதுவாகவும் வரும்.

2016 டிசம்பரில் இந்த மண்ணுக்கு ஒரு பெரிய சோதனை வந்தது. 12-ஆம் தேதி வர்தா புயல் சென்னையைத் தாக்கியது. 16-ஆம் தேதி இங்கிலாந்துடன் டெஸ்ட் ஆட்டம். நனைந்த களத்தை உலர்த்தப் பணியாளர்கள் தட்டுகளில் தணல் நிரப்பி அதன்மேல் வைத்தனர். இது கேலிக்குரிய செயலா? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஆடுகளத்தின் பரப்பு ஏறத்தாழ 61 சதுர மீட்டர். அதன்மீது 1 மில்லிமீட்டர் உயரத்துக்கு நீர் இருந்தால் அது 61 லிட்டர். ஒரு கிராம் நீரை ஆவியாக்க ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பம் வேண்டும். எனில் மொத்தம் ஏறத்தாழ 15 கோடி ஜூல் தேவை. ஒரு கிலோ மரக்கரி எரிந்தால் சுமார் 3 கோடி ஜூல் கிடைக்கும். வெப்பம் முழுவதும் மண்ணுக்கே போய்ச் சேர்ந்தால் 5 கிலோ கரி போதும். பெரும்பகுதி காற்றில் வீணாகும் என்பதால் பல மடங்கு தேவைப்படும். ஆயினும் செய்யத்தக்க காரியமே. குறித்த நாளில் ஆட்டம் தொடங்கியது. கருண் நாயர் ஆட்டமிழக்காமல் 303 ஓட்டங்கள் குவித்தார். அவர் பெயரை நாடறியும். தணல் சுமந்தவர்கள் பெயரை எந்தச் சாதனைப் பட்டியலிலும் காணோம்.

கடற்காற்றும் ஒரு நம்பிக்கையும்

மைதானத்துக்கு மெரினாக் கடற்கரை மிக அருகில் உள்ளது. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுகிறது. நிலத்தின் மேலுள்ள காற்று விரிந்து மேலெழ, கடல்மீதிருக்கும் குளிர்ந்த காற்று அவ்விடத்துக்கு வருகிறது. இதுவே நண்பகலை ஒட்டி வீசத் தொடங்கும் கடற்காற்று. 2009-இல் தொடங்கிய புதுப்பிப்பின்போது, மாடங்களுக்கிடையே இடைவெளி விட்டால் கடற்காற்று உள்ளே வரும், அதனால் பழையபடி பந்து காற்றில் வளையும் என்று சொல்லப்பட்டது. இக்கூற்றின் முதற்பகுதி சரி. இரண்டாம் பகுதியை அப்படியே ஏற்பதற்கில்லை.

பந்தின் ஒருபுறம் பளபளப்பாகவும் மறுபுறம் சொரசொரப்பாகவும் இருக்க, தையல் சாய்ந்து செல்லும்போது, இருபுறமும் காற்றுப் படலம் வெவ்வேறு இடங்களில் பந்தை விட்டுப் பிரிகிறது. அழுத்த வேறுபாடு ஏற்பட்டுப் பந்து வளைகிறது. ஈரக் காற்று ‘கனமானது’, ஆகவே பந்து மிகுதியாக வளையும் என்பது பலருடைய நம்பிக்கை. ஆனால் நீராவியின் மூலக்கூறு எடை 18. காற்றின் சராசரி மூலக்கூறு எடை ஏறத்தாழ 29. எனவே ஒரே வெப்பநிலையில், ஒரே அழுத்தத்தில், ஈரக் காற்றுதான் வறண்ட காற்றைவிட இலேசானது! அமெரிக்காவின் நாசா ஆய்வுக்கூடத்தில் பணியாற்றிய ரவீந்திர மேத்தா போன்றோர் காற்றுச் சுரங்கத்தில் பந்தை வைத்து ஆராய்ந்தவர்கள். ஈரப்பதம் தானே பந்தை வளைக்கிறது என்பதற்கு இத்தகைய சோதனைகள் ஆதரவு தரவில்லை. கடற்காற்றை வரவேற்போம், ஆனால் பந்துக்காக அன்று, மனிதனுக்காக.

வெயிலில் ஓர் இருக்கை

1986 செப்டம்பரில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் இங்கு ஆடிய டெஸ்ட் சமநிலையில் முடிந்தது. டெஸ்ட் வரலாற்றில் அது இரண்டாவது ‘டை’. அதில் டீன் ஜோன்ஸ் எட்டு மணி நேரத்துக்கு மேல் நின்று 210 ஓட்டங்கள் எடுத்தார். களத்திலேயே பலமுறை வாந்தி எடுத்தார். பின்னர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். காரணம் வெயில் மட்டுமன்று. வியர்வையின் ஒவ்வொரு கிராமும் ஆவியாகும்போதுதான் உடலிலிருந்து ஏறத்தாழ 2,400 ஜூல் வெப்பத்தை எடுத்துச் செல்கிறது. காற்றில் ஈரம் மிகுந்திருந்தால் வியர்வை ஆவியாகாமல் வழிந்தோடும். நீரும் உப்பும் போய்விடும். உடல் மட்டும் குளிராது. காற்று வீசினால்தான் உடலை ஒட்டிய ஈரப்படலம் அகலும். சென்னையில் காற்றோட்டம் ஆடம்பரப் பொருளன்று என்பது இதனால் விளங்கும்.

விளையாட்டு வீரருக்கு மருத்துவர் உண்டு. நாள் முழுதும் மாடத்தில் அமர்ந்திருப்பவருக்கு நிழலும் நீருமே மருத்துவம். இந்த வகையில் 2011-இல் நிறைவடைந்த புதிய மாடங்களைப் பாராட்டத்தான் வேண்டும். இலண்டனின் ஹாப்கின்ஸ் கட்டடக் கலைஞர்களும் சென்னை நடராஜ் - வெங்கட் நிறுவனத்தாரும் சேர்ந்து வடிவமைத்தவை அவை. கம்பி வடங்களால் இழுத்துக் கட்டிய வெண்சவ்வுக் கூரை வெயிலின் பெரும்பகுதியைத் திருப்பி அனுப்பிவிட்டு, சிறுபகுதி ஒளியை மட்டும் உள்ளே விடுகிறது. கான்கிரீட்டுக் கூரையைப் போல அது வெப்பத்தைச் சேமித்து வைத்து மாலையில் நம் தலைமேல் கொட்டுவதில்லை.

ஆனால் ஒரு குறையைச் சொல்லாமல் விடுவதற்கில்லை. இம்மாடங்களின் சரிவு 36 பாகை என்று கூறப்படுகிறது. வரிசையின் அகலம் 80 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வரிசையும் முன் வரிசையைவிட ஏறத்தாழ 58 சென்டிமீட்டர் உயர்ந்திருக்கும். முன்னால் இருப்பவரின் தலை பந்தை மறைக்காது, இது நன்மை. ஆயின் நம் வீட்டு மாடிப்படியின் சரிவே சுமார் 32 பாகைதான். அதைவிடச் செங்குத்தான உயரத்தில் முழங்கால் வலிக்காரரும் பேரனைக் கையில் பிடித்துவரும் பாட்டியும் எப்படி ஏறி இறங்குவர்? கண்ணுக்குப் போட்ட கணக்கை முழங்காலுக்கும் போட்டிருக்கலாம்.

இதைவிடப் பெரிய குறை கட்டடக் கலையைச் சேர்ந்ததன்று. கட்டி முடித்த புதிய மாடங்களுள் மூன்று, அனுமதி குறித்த சிக்கலால் 2012 முதல் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. 2021 பிப்ரவரியில் இங்கிலாந்துடனான இரண்டாம் டெஸ்டின்போதுதான் அவற்றில் மக்கள் மீண்டும் அமர்ந்தனர். அக்காலத்து ஆட்டங்களில் வெறும் மஞ்சள் இருக்கைகள் தொலைக்காட்சியில் தெரிய, வெளியே டிக்கெட் கிடைக்காதோர் திரும்பிச் சென்றனர். மிகச் சிறந்த கூரையும், அதன்கீழ் ஆள் இல்லையெனில், வெறும் துணியே. 2023 மார்ச்சில் கலைஞர் கருணாநிதி பெயரில் புதிய மாடம் திறக்கப்பட்டது. இப்போது சுமார் 38,000 பேர் அமரலாம்.

நமது தீர்ப்பு

ஆடுகளத்தைப் பேணுவதில் சேப்பாக்கம் முதல் தரமானது. காற்றோட்டத்திலும் நிழலிலும் முன்பைவிடப் பெரிதும் முன்னேறியுள்ளது. ஏறி இறங்கும் வசதியில் இன்னும் கவனம் வேண்டும். பறக்கும் ரயில் நிலையம் அருகிலேயே இருப்பது வெளியூர் மக்களுக்குப் பேருதவி. அச்சரப்பாக்கத்தில் ரயில் ஏறும் மாணவன், பார்க் டவுனிலிருந்து இரண்டாவது நிறுத்தத்தில் இறங்கி நடந்தே வாயிலை அடையலாம்.

ஆனால் அவன் பார்வையாளனாக மட்டும் அங்கே போனால் போதுமா? 2024 ஜூனில் இதே மைதானத்தில் இந்திய மகளிர் அணி தென்னாப்பிரிக்காவுக்கு எதிராக 6 விக்கெட்டுக்கு 603 ஓட்டங்கள் குவித்தது. மகளிர் டெஸ்ட் ஆட்டங்களில் ஓர் அணி எடுத்த மிக உயர்ந்த எண்ணிக்கை அது. அத்தகைய வீராங்கனைகளும் வீரர்களும் நம் சிற்றூர்களிலிருந்து தோன்ற வேண்டுமானால், பள்ளித் திடல்களிலும் ஒழுங்கான மண் ஆடுகளம் ஒன்றாவது வேண்டும். மண்ணைத் தேர்ந்து, நனைத்து, உருட்டி, உலர்த்தும் கலையைச் சேப்பாக்கத்துப் பணியாளர்கள் அறிவார்கள். அந்த அறிவு மதிலுக்குள்ளேயே நின்றுவிடக் கூடாது. மாவட்டந்தோறும் உடற்பயிற்சி ஆசிரியர்களுக்கு அதைக் கற்றுத் தருவதற்குப் புதிய மாடம் கட்டும் செலவில் மிகச் சிறு பகுதியே போதும்.

அதுவரை மாணவர்கள் தாங்களே ஒரு சோதனை செய்து பார்க்கலாம். இரண்டு தட்டுகளில் ஒரே அளவு மண் எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றில் ஏரிக் களிமண், மற்றொன்றில் மேட்டுச் செம்மண். ஒரே அளவு நீர் விட்டுப் பிசைந்து, அழுத்திச் சமன்செய்து வெயிலில் வையுங்கள். நாள்தோறும் வெடிப்பின் அகலத்தை அளந்து குறியுங்கள். பிறகு 1 மீட்டர் உயரத்திலிருந்து ஒரே பந்தை இரண்டிலும் விழவிட்டு, எவ்வளவு எழும்புகிறது என்று பாருங்கள். அடுத்த முறை சேப்பாக்கத்தில் ஒரு பந்து எகிறும்போது, வர்ணனையாளர் வியப்பதற்கு முன்பே அதன் காரணம் உங்களுக்குத் தெரிந்திருக்கும்.