கேள்விக்கு முன்னே வந்துவிட்ட விடை

ஆன்ம விசாரம் இன்று வார இறுதி முகாம்களுக்கும் கைபேசிக் காணொளிகளுக்கும் வந்து சேர்ந்துவிட்டது. கண்ணை மூடி உட்கார்ந்து "நான் யார்?" என்று உள்ளே திரும்பிப் பார்த்ததாகவும், அதுவரை தான் என்று நம்பியிருந்த ஆள் கரைந்துபோனதாகவும், எஞ்சியது வெறும் சாட்சி மட்டுமே என்றும் சொல்லும் அனுபவக் கதைகள் பெருகிவிட்டன. அவற்றில் எதைப் பற்றியாவது கேள்வி எழுப்பினால் வரும் மறுமொழி ஒன்றே ஒன்றுதான்: இது அனுபவம், இதில் வாதத்துக்கு இடமில்லை. கண்டவர் விண்டிலர் என்ற பழமொழியும் உடனே துணைக்கு வந்துவிடும். இந்த மறுமொழி தவறு என்பது என் கட்சி. அதிலும் திருச்சிராப்பள்ளி வட்டாரத்துக்காரர்கள் இதைக் கேட்டுத் தலையாட்டுவது எனக்குப் புரியவே இல்லை. மலைக்கோட்டை, ஆற்றுக்கு அப்பால் ஸ்ரீரங்கம், காவிரியோடு மேற்கே போனால் குளித்தலையை அடுத்த தண்ணீர்ப்பள்ளி என்ற மூன்று இடங்களிலும் "நான்" என்பதை ஆயுள் முழுக்க ஆராய்ந்தவர்கள் வாழ்ந்திருக்கிறார்கள். அவர்கள் எல்லாரும் ஒரே விடைக்கு வரவில்லை.

பயிற்சியின் நன்மையை மறுக்க வேண்டியதில்லை. திருவண்ணாமலை ரமணர் சொன்ன வடிவில் அது சாதியையோ படிப்பையோ சடங்கையோ கேட்பதில்லை. கோபம் பொங்கும் நேரத்தில் "இது யாருக்கு வருகிறது?" என்று ஒரு கணம் நிற்கப் பழகியவரின் வாயிலிருந்து சுடுசொல் குறைந்துபோகும். தூக்கம் கூடலாம், பதற்றம் அடங்கலாம். இவையெல்லாம் நல்லவையே. ஆனால் மனம் அமைதியானது என்பது ஒரு செய்தி. நான் இன்னார் என்று கண்டுகொண்டேன் என்பது வேறொரு செய்தி. முன்னதைக் காட்டிப் பின்னதை நிறுவ முடியாது.

என் ஆட்சேபம் பழையது. இந்த விசாரத்தில் விடை முதலில் வந்து உட்கார்ந்துகொள்கிறது, கேள்வி அதன் பின்னால் வருகிறது. "நான் யார்?" என்ற சிறு நூலையே எடுத்துக்கொள்வோம். வருவாய்த் துறையில் வேலை பார்த்த சிவப்பிரகாசம் பிள்ளை, 1901–02 வாக்கில், பேசாமல் இருந்த இளம் ரமணரிடம் கேள்விகள் கேட்டார். எழுத்தில் விடைகள் பெற்றார். அவை 1923-இல் அச்சேறின. இன்றைய முகாம்கள் அந்நூலிலிருந்து அதிகம் எடுத்தாள்வது அதன் தொடக்கப் பகுதியைத்தான். உடல், ஐம்பொறிகள், மூச்சு, மனம் என்று வரிசையாக "இது நானல்ல" என்று தள்ளிக்கொண்டே போகும் பட்டியல் அது. ரமணர் அந்தக் கேள்விக்கு முதலில் தந்த விடையில் இந்தப் பட்டியல் இல்லை, சாத்திரப் பழக்கம் உள்ள பிள்ளை அதைத் தாமாகச் சேர்த்தார், பின்னர் பார்த்த ரமணர் நீக்கச் சொல்லாமல் விட்டுவிட்டார் என்று ரமணர் நூல்களை நுணுகிக் கற்றவர்கள் சொல்லியிருக்கிறார்கள். இப்படித் தள்ளுவது விசாரமாகாது என்றும், "நான் யார்" என்பதை மந்திரம்போல் திரும்பத் திரும்பச் சொல்வதும் ஆகாது என்றும் ரமணரே பல முறை விளக்கியிருக்கிறார். அப்படியிருந்தும் பட்டியல்தான் நிலைத்தது. காரணம் எளிது. பட்டியலில் விடை இருக்கிறது. எவை எவை நானல்ல என்று யாரோ சொல்லிக்கொடுத்த பிறகு, மிஞ்சுவது எதுவாக இருக்கும் என்பதைக் கண்டுபிடிக்கத் தியானம் தேவையில்லை.

இந்த அனுபவக் கதைகளுக்கெல்லாம் தாய்க்கதை 1896 ஜூலையில் மதுரையில் நடந்தது. பின்னாளில் ரமணர் ஆன பதினாறு வயது வேங்கடராமன் மரண பயம் வந்து, பிணம்போலப் படுத்து, சாவது எது என்று தன்னையே கேட்டுக்கொண்ட நிகழ்ச்சி. நாம் அதை "நான் இப்படி நினைத்தேன், நான் இதை உணர்ந்தேன்" என்ற தன்மைக் கூற்றாகவே படித்துப் பழகியிருக்கிறோம். அந்தக் கூற்று 1931-இல் பி. வி. நரசிம்ம சுவாமி ஆங்கிலத்தில் எழுதிய வாழ்க்கை வரலாற்றிலிருந்து வருவது. ரமணரின் சொற்களை அப்படியே பதிவு செய்யவில்லை என்றும், அவர் பெரும்பாலும் நான், நீ என்ற குறிப்பே இல்லாமல்தான் பேசுவார் என்றும் அந்த நூலாசிரியரே அடிக்குறிப்பில் சொல்லிவிடுகிறார். அவர் நேர்மையாகத்தான் எழுதியிருக்கிறார். அந்த அடிக்குறிப்பைப் படிக்காமல் மேலே உள்ள பத்தியை மட்டும் மனப்பாடம் செய்த பின்வந்தவர்கள்தான் தங்கள் அனுபவத்தையும் அதே அச்சில் வார்க்கிறார்கள். பயம், படுக்கை, கரைவு, சாட்சி என்ற வரிசை மாறாமல் வருவதை உண்மைக்குச் சான்றாகச் சிலர் காட்டுகிறார்கள். எல்லாரும் ஒரே புத்தகத்தைப் படித்தால் வரிசை மாறாமல்தான் வரும்.

சரி, புத்தகத்தை ஒதுக்கிவிட்டு அனுபவத்தையே பார்ப்போம் என்றாலும் சிக்கல் தீராது. விசாரக்காரர்கள் பெரிதும் நம்பும் சான்று ஆழ்ந்த உறக்கம். கனவற்ற உறக்கத்தில் "நான்" என்ற எண்ணம் இல்லை, ஆனாலும் நாம் இருந்தோம். ஆகவே "நான்" என்ற எண்ணம் நம் உண்மை இயல்பு ஆகாது என்கிறது அத்வைதம். இதே உறக்கத்தை எடுத்துக்கொண்டு, ஸ்ரீரங்கத்தில் இருந்த ராமானுசர், பிரம்ம சூத்திரத்துக்கு எழுதிய ஸ்ரீபாஷ்யத்தின் முதல் சூத்திர உரையிலேயே நேர் எதிரான முடிவுக்கு வருகிறார். எழுந்தவன் "நான் சுகமாகத் தூங்கினேன்" என்கிறான். அந்தச் சுகத்துக்கு உரிய நான் அப்போதும் இருந்தது, தெளிவு மட்டுமே குறைந்திருந்தது என்பது அவர் வாதம். உடலைத் தானென்று எண்ணும் செருக்கு ஒழிய வேண்டும் என்று அவரும் சொல்கிறார். ஆனால் நான் என்ற பொருளே ஆன்மா; அது முக்தியிலும் அழியாது. நான் அழிந்து வேறு ஏதோ ஓர் அறிவு எஞ்சும் என்றால், முக்தி என்ற பேச்சு எழுந்ததுமே எந்த மனிதனும் எழுந்து போய்விடுவான் என்றுகூட அவர் எழுதுகிறார். உறக்கம் ஒன்று, தீர்ப்பு இரண்டு. அனுபவம் தானே தீர்ப்புச் சொல்லும் என்றால் இங்கே ஏன் சொல்லவில்லை? (அந்த ராமானுசரின் பூதவுடலே தானான திருமேனியாக எழுந்தருளியிருப்பதாக நம்பி வணங்கும் கோயில் திருவரங்கம். "உடல் நானல்ல" என்பதை முடிந்துபோன வழக்காகப் பேசுகிறவர்கள் அந்தச் சந்நிதியில் ஒரு முறையாவது நின்று யோசிக்கலாம்.)

வேறு முடிவுக்கு வந்தவர்கள் போதிய ஆழத்துக்குப் போகவில்லை என்பதுதான் இதற்கு வழக்கமான சமாதானம். என்னை மிகவும் கோபப்படுத்துவது இந்தச் சமாதானம்தான். உள்ளே பார்த்து அழியாத சாட்சியைக் கண்டால் ஆழம். அடியவனாகிய நானைக் கண்டால் ஆழமில்லை. புத்தரைப் போல ஆன்மா என்று எதையும் காணாவிட்டால் ஆழமில்லை. 1739-இல் ஸ்காட்லாந்தின் டேவிட் ஹியூமைப் போல, தன்னைத் தேடும்போதெல்லாம் சூடு, குளிர், விருப்பு, வெறுப்பு என்ற உணர்வுகளில்தான் தட்டி நிற்கிறேன் என்றால் நிச்சயமாக ஆழமில்லை. அப்படியானால் ஆழத்தை அளக்கும் கோல் எது? எதிர்பார்த்த விடை வந்ததா என்பதே கோல். இந்தக் கோலை வைத்துக்கொண்டு ஒருவர் ஒருபோதும் தோற்க முடியாது. தோற்க வழியே இல்லாத ஒன்றை ஆராய்ச்சி என்று அழைப்பதை நான் ஏற்கமாட்டேன். அதை நம்பிக்கை என்று சொல்லட்டும். நம்பிக்கைக்கு உரிய மதிப்பை நான் குறைக்கப் போவதில்லை. ஸ்ரீவைஷ்ணவர்கள் அப்படித்தான் சொல்கிறார்கள். ஆழ்வார்களையும் ஆசாரியர்களையும் வேதத்தையும் பிரமாணமாகக் கொண்டு பேசுகிறோம் என்று வெளிப்படையாக அறிவித்துவிட்டே வாதத்தில் இறங்குகிறார்கள். விசாரக்காரர்கள் பிரமாணத்தை உள்ளே வைத்துக்கொண்டு, தங்களிடம் அனுபவம் மட்டுமே இருப்பதாகச் சொல்கிறார்கள்.

தண்ணீர்ப்பள்ளி தரும் சான்று இன்னும் கூர்மையானது. இன்று கரூர் மாவட்டத்திலும் அன்று திருச்சி மாவட்டத்திலும் அடங்கிய அந்தக் காவிரிக்கரைத் தோப்பில் 1950-இல் சச்சிதானந்த ஆசிரமத்தைத் தொடங்கியவர்கள் இரண்டு பிரெஞ்சுத் துறவிகள்: ழூல் மோன்ஷனேன், ஆன்றி லெ சோ. தொடங்குவதற்கு முந்தைய ஆண்டு ஜனவரியில் இருவரும் திருவண்ணாமலை சென்று ரமணரைக் கண்டார்கள். லெ சோவை அந்தச் சந்திப்பு அடியோடு உலுக்கியது. அவர் அருணாசலக் குகைகளில் தங்கினார், அபிஷிக்தானந்தர் ஆனார், திருக்கோவிலூர் ஞானானந்தரைக் குருவாகக் கண்டார். மோன்ஷனேனும் இந்தியாவை அளவுகடந்து நேசித்தவர், வடமொழி நூல்களை ஊன்றிக் கற்றவர். ஆனால் அத்வைதமும் கிறித்துவமும் ஒன்றில் ஒன்று கரைய முடியாது என்ற எண்ணமே அவரிடம் வலுத்துக்கொண்டு போனது. ஒரே மகான், ஒரே தோப்பு, ஒரே மறை, முடிவுகள் இரண்டு. லெ சோவின் நாட்குறிப்பு அவர் 1973-இல் இந்தோரில் இறந்த பிறகு 1986-இல் வெளியானது. அதில் நான் மதிக்கும் பண்பு, அது வெற்றியை அறிவிக்காததுதான். திருப்பலி நிறைவேற்றும் குருவாகவும் அத்வைதியாகவும் ஒரே உடலில் எப்படி இருப்பது என்று இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அவர் தன்னையே கிழித்துக்கொள்கிறார். அவருடைய அடையாளம் நகர்ந்தது. நகர்ந்த ஒவ்வோர் அங்குலத்துக்கும் அவர் சந்தேகத்தையும் பதிந்து வைத்தார். இன்றைய அனுபவக் கதைகளில் இல்லாமல் போனது இந்தப் பதிவுதான்.

தாயுமானவரிடமும் இதைக் காணலாம். நாயக்கர் அரசில் அலுவல் பார்த்தவர், மலைக்கோட்டையின் மௌன குருவிடம் சும்மா இருக்கும்படி உபதேசம் பெற்றவர் என்று மரபு அவரைச் சொல்கிறது. ரமணருக்கு மிகப் பிடித்த கவிஞர்களில் ஒருவர். மதயானையை அடக்கலாம், கரடி புலிகளின் வாயைக் கட்டலாம் என்று சித்துகளை அடுக்கிக்கொண்டே போய், சிந்தையை அடக்கிச் சும்மா இருப்பது மட்டும் அரிது என்று முடியும் அவர் பாட்டு தமிழ்நாட்டில் பரவலாகத் தெரிந்தது. உபதேசம் கிடைத்த பின்னும் மனம் படியவில்லை என்று பக்கம் பக்கமாக முறையிடுகிறார். மூன்று நாள் முகாமில் கரைந்துபோனவர்களை அவர் பாடல்களுக்குப் பக்கத்தில் வைத்தால் யாரை நம்புவது என்பதில் எனக்குத் தயக்கமில்லை.

அப்படியானால் அடையாளம் மாறுவதே கிடையாதா என்று கேட்கலாம். மாறும். அது மாறியதை மாறியவரே சொல்லித்தான் பிறர் அறிய வேண்டும் என்பதில்லை. தீண்டத்தகாதவர் என்று காவிரிக்கரையில் ஒதுக்கப்பட்ட திருப்பாணாழ்வாரைக் கல்லால் அடித்த, கோயில் பணி செய்த லோகசாரங்கர், பிறகு அவரைத் தோளில் சுமந்து அரங்கன் சந்நிதிக்குக் கொண்டு போனார் என்று வைணவக் குருபரம்பரைக் கதை சொல்கிறது. வரலாறோ ஐதிகமோ, அந்தக் கதையில் மாற்றம் தெருவில் எல்லார் கண்ணுக்கும் தெரிகிறது. லோகசாரங்கர் தம் உள்ளே என்ன உணர்ந்தார் என்பதைப் பற்றிக் கதை கவலைப்படவில்லை. "நான் உடலல்ல" என்ற உபதேசம் நடந்த ரமணாசிரமத்தின் உணவுக்கூடத்திலோ, ஆசாரப் பிராமணர்களுக்குத் தனியே தடுப்பு வைத்துப் பந்தி நடந்தது. ரமணர் இரு பக்கத்தாரும் பார்க்கும்படி அமர்ந்து உண்டார். அவரைக் குறை சொல்ல இதைக் குறிப்பிடவில்லை. தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள் சற்று முன்புதான் கூடத்தில் கண்மூடி, உடல் தானல்ல என்று கண்டிருப்பார்கள். எந்த உடல் எந்தப் பக்கம் உட்காரும் என்பதில் மட்டும் குழப்பம் வரவில்லை. ஆகவே, இனி ஆன்ம விசார அனுபவத்தை எழுதுகிறவர்கள் உட்காருவதற்கு முன் என்னென்ன நூல்களைப் படித்தார்கள், ஆசிரியர் என்ன விடையைச் சொல்லி அனுப்பினார், எதிர்பார்த்ததற்கு மாறாக ஏதாவது கண்டார்களா என்பதை முதலில் எழுதட்டும். அவர்கள் மாறினார்களா என்ற பகுதியை வீட்டில் இருப்பவர்களும் வேலைக்கு வருபவர்களும் எழுதட்டும்.