கடிதம் வந்தது, மொழி வரவில்லை!

பொருள் தேடிப் போனவனைப் பாடிய ஏடுகள் பல. அவன் வீட்டைக் கட்டிக் காத்தவளைப் பாடியவை சில. அச்சிலவற்றுள் ஒன்று, துருக்கி நடிகை துர்க்கான் ஷொராய் 1972இல் தாமே இயக்கி நடித்த ‘தோனுஷ்’ என்னும் திரைப்படம். ‘திரும்புதல்’ என்பது அச்சொல்லின் பொருள்.

1961இல் மேற்கு ஜெர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட உடன்படிக்கை, சிற்றூர் ஆடவரை ஆலைகளுக்கு அழைத்தது. கதைநாயகியின் கணவனும் போகிறான். ஊரை ஆட்டிப் படைக்கும் நிலக்கிழானின் தொல்லைக்கு நடுவே, கணவன் கடிதத்தைத் தானே படிக்க அவள் எழுத்துக் கற்கிறாள். கண்ணீர்ப் பதுமையாகக் காட்டாமல், எழுதுகோல் ஏந்திய பெண்ணாகக் காட்டினாரே, அதற்காகப் பாராட்டுகிறோம்.

ஆனால், எழுத்து மட்டும் போதுமா?

கொன்யா மாகாணத்துக் குலு வட்டாரத்திலே குர்து மக்களின் சிற்றூர்கள் உண்டு. 1960களிலிருந்து அங்குள்ள ஆடவர் சுவீடனுக்கும் பிற நாடுகளுக்கும் சென்றனர். வயலும் மந்தையும், மாமியாரும் மக்களும் பெண்ணின் தோளில்! அவள் பேசுவது குர்து; பள்ளியில் அன்று ஒலித்தது துருக்கி மொழி மட்டுமே. கணவன் எழுதக் கற்றதும் அதுவே. ஆகவே, கடிதத்தைப் படிக்க ஒருவர், பொருள் சொல்ல ஒருவர், மறுமொழி எழுத ஒருவர். மாமனார் செவிமடுக்க, மனைவி எதைச் சொல்வாள்? நலம், நலமறிய ஆவல்! நெஞ்சிலுள்ளது நெஞ்சிலேயே நின்றது. குரலைப் பதிந்தனுப்பும் ஒலிநாடா வந்தபோதுதான் தாய்மொழி கடல் கடந்தது. அம்மொழியின் வெளியீட்டையே தடுக்கும் சட்டமும் 1983 முதல் 1991 வரை இருந்தது என்பதை மறத்தலாகாது.

மற்றொரு கொடுமை: 1926ஆம் ஆண்டுச் சட்டப்படி, அரசுப் பதிவு பெற்ற திருமணமே திருமணம். மதச் சடங்கோடு நின்றுவிட்ட மணத்தில், அவள் ஊரறிய மனைவி, ஏட்டில் யாருமில்லை! கணவனோடு வாழ அயல்நாடு கேட்பதோ ஏட்டுச் சான்று.

படத்தின் முடிவில், திரும்பும் வழியில் கணவன் விபத்தில் மாள, அவன் வேறொருத்தியிடம் பெற்ற குழந்தை நாயகியின் கைக்கு வருகிறது. பொறுமைக்குப் பரிசு மேலும் ஒரு சுமையா? தாய்மை என்று அதைப் போற்றி அமைவோர் அமையட்டும். நாம் அமையமாட்டோம். காத்திருப்பதைக் கற்பென்று புகழ்வது எளிது. காத்திருந்தவளுக்குத் தன் மொழியில் கல்வியும், ஏட்டில் பெயரும், உழுத நிலத்தில் உரிமையும் தருவதன்றோ அறம்! அந்தப் படம் இனிமேல்தான் எடுக்கப்பட வேண்டும்.