சாக்குக்குள் ஒரு கியர்பாக்ஸ்

சென்னைப் புதுப்பேட்டையின் பழைய உதிரிபாகக் கடையொன்றிலிருந்து லாரி பார்சலில் சிவகாசிக்கும், அங்கிருந்து குட்டியானை என்று ஜனங்கள் அழைக்கும் சிறு வண்டியில் தாயில்பட்டிக்கும் வந்து சேர்ந்த கியர்பாக்ஸ் ஒன்றைப் பட்டறை வாசலில் கண்டபோது, அதைக் கட்டியனுப்பிய முகமறியாத கரங்களின்மேல் எனக்கு விசேஷ மரியாதை உண்டாயிற்று. எண்ணெயைச் சொட்டின்றி வடித்து, துவாரங்களைத் துணியால் அடைத்து, நீண்டிருந்த தண்டுக்கு மரத்துண்டுகளை அணைகொடுத்து, அடியில் தேய்ந்த டயரொன்றை மெத்தையாக இட்டு, கோணிச் சாக்கால் போர்த்தி, சணலால் நெருக்கமாகத் தைத்திருந்த அவ்வேலையில் பொருள்கள் யாவும் பிறர் கழித்தவையே. செலவானது பொறுமை மட்டுமே.

முடிச்சை அறுக்கையில் எழுந்த கரகரப்பும், சாக்கின் தானிய வாசனையும், உள்ளிருந்த இரும்பின் குளிர்ச்சியும் மனத்துக்கு இதமளித்தன. கருமருந்தை நிதானத்தோடு கையாளும் பட்டாசுத் தொழிலாளர் வாழும் இவ்வூரில், அந்த முடிச்சுகளின் நிதானத்தை எல்லோரும் ரசித்தார்கள். மெக்கானிக் அண்ணாச்சி தண்டை விரலால் சுழற்றினார். 500 கிலோமீட்டருக்கு மேல் குலுங்கி வந்தும், ஒரு பல்கூட முறியாமல் அது மிருதுவாகச் சுழன்றது.