ஸ்டாக்ஃபிஷ் + சிசிஜி: ஐம்பதுக்குள் முடியுமா?

1970-களின் கடைசியில் கென் தாம்ப்சனின் பெல் கணினி, அமெரிக்க கிராண்ட்மாஸ்டர் வால்ட்டர் பிரௌனிடம் ஒரு வெற்றி நிலையைக் கொடுத்து ஜெயித்துக் காட்டச் சொன்னது. பிரௌனிடம் ராணி, பெல்லிடம் யானை. சரியாக ஆடினால் 31 நகர்த்தலில் யானை விழும். முதல்முறை அவர், வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ இல்லாமல் போனால் டிரா கேட்க இடம் தரும் ஐம்பது நகர்த்தல் வரம்பைத் தாண்டிவிட்டார். அடுத்த முறை யானையை வெட்டியது சரியாக ஐம்பதாவது நகர்த்தலில்.

அதே சோதனையை ஸ்டாக்ஃபிஷ் என்ற செஸ் நிரலுக்கு வைத்தேன். துணைக்கு ரொனால்ட் டி மானின் சிசிஜி இறுதியாட்டக் கோப்புகள். ஐந்து காய் வரை சுமார் 1 ஜிபி. ஆறு காய்க்குச் சுமார் 150 ஜிபி. ஏழு காய் 16 டெராபைட்டுக்கும் மேல், நம் வீட்டுக்கு ஆகாது. ஐந்து காய்க் கோப்புறையின் பாதையைக் கொடுத்ததும் 145 அட்டவணைகள் கிடைத்ததாக ஒரு வரி வர வேண்டும். வராவிட்டால் பாதை தப்பு. நிரல் முறையிடாது, பழையபடி தானே யோசித்துக்கொண்டிருக்கும்.

நிலையை அடுக்கியதும் மதிப்பெண் 200-ஐ ஒட்டி எகிறியது. நிலையை எழுத்தில் குறிக்கும் ஃபென் வரியில் ஆறு பகுதிகள். ஐந்தாவது, சிப்பாய் நகராமலும் காய் வெட்டாமலும் போன அரை நகர்த்தல்களின் கணக்கைச் சொல்லும் எண்ணி. அந்த 0-வை 60 ஆக்கினேன். ஆளுக்கு முப்பது கழிந்து, மிச்சம் இருபதுதான். மதிப்பெண் ஒரு சிப்பாய்க்கும் கீழே சரிந்தது! முழுப் பூஜ்யம் காட்டவில்லை. எதிராளி தடுமாறுவார் என்ற நப்பாசை போலும். பலகையில் காய்களைக் கையால் அடுக்கி ஆராய்கிறவர்கள் தடுக்கி விழும் இடம் இதுதான். எண்ணி 0 என்றே இருக்கும், டிராவாகும் ஆட்டத்தை வெற்றி என்று எழுதிவைப்பீர்கள். நானும் எழுதிவைத்திருக்கிறேன்.

வெற்றியா டிராவா என்று சொல்லும் கோப்பு, எண்ணி 0 என்று வைத்தே தயாரானது. அதனால்தான் தேடலின் நடுவே ஸ்டாக்ஃபிஷ், ஒரு வெட்டோ சிப்பாய் நகர்த்தலோ நடந்த கையோடு மட்டும் அதைப் புரட்டுகிறது. சமர்த்து.

குறையும் உண்டு. இன்னொரு கோப்பு மேட்டுக்கான தூரத்தைச் சொல்லாது. அடுத்த வெட்டு அல்லது சிப்பாய் நகர்த்தலுக்கான தூரத்தைத்தான் சொல்லும். அதை மட்டும் நம்பி ஆடினால், எண்ணியைப் பூஜ்யமாக்கக் காயைச் சும்மா தூக்கிக் கொடுக்கும் கூத்தெல்லாம் நடக்கும். டிரா கேட்பதும் நிரலின் வேலையில்லை. அதை இயக்கும் பலகைச் செயலிதான் கேட்க வேண்டும்.

ஐந்து காய்க் கோப்பை யோசிக்காமல் இறக்குங்கள். ஆறு காய், எஸ்எஸ்டியில் இடமிருந்தால் மட்டும். 50 நகர்த்தல் விதி அமைப்பை அணைக்காதீர்கள், நீங்கள் அஞ்சல்வழிச் செஸ் ஆடுகிறவராக இருந்தாலொழிய.